என்.பி.ஏ. விருதுக் கணிப்பு: உறுப்பினர்களுக்கு அறிவிப்பு

ராயபுரம், தண்டையார்பேட்டைக் கூடைப்பந்து நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பருவ இறுதி விருதுகளுக்கான கணிப்புகளை, லீக் சுற்றின் கடைசி ஆட்டம் முடிவதற்குள் இக்குழுவில் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விருதுகளுக்கு வாக்களிக்கும் பத்திரிகையாளர்களே, லீக் சுற்றுக்குப் பின் நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களைக் கணக்கில் கொள்வதில்லை என்பதால், அதன் பிறகு வரும் கணிப்புகளை ஏற்பது முறையாகாது.

பெயரை எழுதும் முன் ஆட்ட எண்ணிக்கையைப் பாருங்கள். 2023-24 பருவம் முதல், மிக மதிப்புமிக்க வீரர், சிறந்த தற்காப்பு வீரர் போன்ற விருதுகளுக்கு, லீக் சுற்றில் ஓர் அணி ஆடும் 82 ஆட்டங்களில் பொதுவாகக் குறைந்தது 65 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும். 2024-25இல் தற்காப்பு விருதுக்குப் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட விக்டர் வெம்பன்யாமா, தோளில் ரத்தம் உறைந்ததால் 46 ஆட்டங்களோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்தது; விருது இவான் மோப்லிக்குச் சென்றது. ஆகவே, புள்ளிகளையும் ரீபவுண்டுகளையும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) மட்டுமே வைத்து வாதிடும் நம் வழக்கம் இனி போதாது என்பது என் உறுதியான கருத்து. சிறந்த புதுமுகம், சிறந்த மாற்று வீரர் விருதுகளுக்கு இவ்விதி பொருந்தாது.

மிக மதிப்புமிக்க வீரருக்கு மட்டும் ஐந்து பெயர்களை வரிசைப்படுத்தி எழுதுங்கள், என்.பி.ஏ. வாக்கெடுப்பில் உள்ளது போலவே முதல் ஐந்து இடங்களுக்கு முறையே 10, 7, 5, 3, 1 புள்ளிகள் என்ற முறையில் கூட்டி, குழுவின் தேர்வை அறிவிப்போம். புதிதாகச் சேர்ந்துள்ள தம்பி, தங்கைகளும் தயங்காமல் காரணத்துடன் எழுத வேண்டும்.