உன் பங்கு எது?

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. "எல்லாத்துக்கும் நான்தான்பா காரணம்" என்று மூன்று தடவை சொன்னாய். ஆறு பேர் சேர்ந்து செய்த வேலை கவிழ்ந்ததற்கு நீ ஒருத்தி எப்படியம்மா முழுக் காரணமாவாய்?

நான் உனக்கு நேர் எதிர். உன் சித்தப்பாவோடு பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்தேனே, தொழிலில் ஏமாற்றிவிட்டான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டு. ஒருநாள் பீரோவைக் குடையும்போது அந்தப் பழைய ஒப்பந்தம் கிடைத்தது. நான்கு பக்கம். நான்கிலும் அடியில் என் கையெழுத்து. ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காமல் போட்டது. அவன் செய்தது சரியென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் கையெழுத்துப் போட்ட கை என்னுடையதுதானே? தரையில் உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது. கூடவே, சொன்னால் சிரிப்பாய், ஒரு நிம்மதி. என் கையில் எதுவுமே இல்லை என்று நினைத்திருந்த விஷயத்தில், படித்துப் பார்த்திருக்கலாம் என்கிற அளவுக்காவது எனக்கு இடம் இருந்திருக்கிறது.

'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்று நாம் எல்லோரும் சொல்வோம். கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாட்டை, புறநானூறு 192, ஒருமுறை முழுசாகப் படி. பதின்மூன்றே அடி. பேராற்று நீர்வழிப் போகும் புணைபோல, அதாவது தெப்பம்போல, உயிர் முறைவழிப் போகும் என்பதும் அதே பாட்டில்தான் வருகிறது. உன்னால் வந்தது உண்டு, ஆற்றால் வந்ததும் உண்டு. நான் பன்னிரண்டு வருஷம் ஆற்றைத் திட்டினேன். நீ ஆறே நான்தான் என்கிறாய்.

முழுப் பழியையும் தூக்கிக்கொள்வது பணிவு மாதிரித் தெரியும். அதில் ஒரு சௌகரியமும் ஒளிந்திருக்கிறது: எதையும் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

சைக்கிள் கற்றுக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? இடப்பக்கம் சாய்ந்தால் பயத்தில் வலப்பக்கம் ஒடிப்பாய், தடாலென்று விழுவாய். சாய்கிற பக்கமே கொஞ்சம் திருப்பு என்றால் நம்பவே மாட்டேன் என்றாய். சக்கரம் உடம்புக்கு அடியில் வந்தால்தான் வண்டி நிமிரும். நேராக ஓடுவதுபோலத் தெரிகிற சைக்கிள்கூட இடமும் வலமுமாய் வளைந்துதான் போகிறது. ஈரத் தரையில் டயர் தடத்தைப் பார்த்தாலே தெரியும்.

அதனால் "என் தப்பில்லை" என்று இப்போது எதிர்ப்பக்கம் ஒடிக்காதே. உன் தப்பு என்கிறாயா, சரி, எது? எந்த நாள், எந்த முடிவு, யாரிடம் சொல்லாமல் விட்டது? ஒரு தாளில் எழுது. அது எத்தனை வரியோ அத்தனைக்கு மட்டும் போய் மன்னிப்புக் கேள்.

உனக்குச் சொல்கிறேனே தவிர, அந்த நான்கு பக்கத்தைப் பற்றி உன் சித்தப்பாவிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. இப்போதெல்லாம் வருகிறான், பேசுகிறோம், வேறு எதையாவது பேசுகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வருகிறான். தாளை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

அப்பா