கேமரன் மலைக்குக் கூட்டிப்போகும் நற்பணிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நற்பணிக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் கேமரன் மலைக்குப் போகும் ஆண்டிறுதிச் சுற்றுலாவுக்கான சுற்றறிக்கையை எங்கள் புளோக்கின் மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கிறீர்கள். கட்டணம், புறப்படும் நேரம், சைவச் சாப்பாடு உண்டா இல்லையா என்பதுவரை எல்லாம் தெளிவாக இருக்கிறது. வானிலைக்கு மட்டும் ஒரே வரி: குளிராக இருக்கும், குடை கொண்டு வரவும். சென்ற முறையும் இதே வரிதான். அதை நம்பி வந்தவர்கள் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். ஸ்வெட்டர் கொண்டு வருவது அவரவர் பொறுப்பு, சரி. ஆனால் எந்த நேரத்தில் எங்கே போவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. மழை வரும் என்று வைத்துக்கொண்டே பயணத் திட்டத்தைப் போடுங்கள்.

நம்மில் பலருக்குக் குளிர் என்றால் கடைத்தொகுதிக் குளிர்தான். சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 19.4 டிகிரி, அதுவும் 1934 ஜனவரியில். கேமரன் மலையில் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தா ஊரில் சாதாரண இரவிலேயே 16 டிகிரி வரை இறங்கிவிடும். பாசிக்காடு இருக்கும் பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டரைத் தாண்டியது, அங்கே இன்னும் மூன்று நான்கு டிகிரி குறையும். இந்த எண்களைச் சுற்றறிக்கையில் போட்டாலே பாதிப் பேர் அரைக்கால் சட்டையோடு வரமாட்டார்கள்.

உண்மையில் குளிரைக்கூடச் சமாளித்துவிடலாம். நனைந்த பிறகு வரும் குளிர்தான் ஆளை வாட்டும். சென்ற முறை காலையில் நம்மை ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கும் சந்தைக்கும் கூட்டிப்போனீர்கள். நல்ல வெயில், மலை முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது. நாமோ ஸ்ட்ராபெரிச் செடிகளுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம். தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. வெள்ளைத் திரை போட்ட மாதிரி மூடுபனி, அப்புறம் சாய்ந்தடிக்கும் மழை. மடக்குக்குடைகள் காற்றில் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டன. படம் எடுத்துக்கொள்ள ஆசையாகப் பட்டுப்புடவை உடுத்தி வந்த அம்மா ஒருவர், முழங்கால்வரை சேறும் ஈரமுமாகப் பேருந்தில் ஏறினார். குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொன்னால் ஓட்டுநர் அண்ணன் முடியாது என்றார். குறைத்தால் முன்கண்ணாடியில் ஆவி படிந்து சாலை தெரியாதாம். அந்த வளைவுகளில் அவர் சொன்னது நியாயம்தான். விடுதிவரை எல்லாரும் நடுங்கிக்கொண்டே வந்தோம். மறுநாள் காலையிலும் என் ஜீன்ஸைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது.

பிற்பகல் மழை அங்கே அதிசயம் இல்லை. காலை வெயிலில் மலைச்சரிவு சூடேற, ஈரக்காற்று மேலே ஏறிக் குளிர்ந்து மேகமாகத் திரண்டு, மதியத்துக்கு மேல் கொட்டும். ஆகவே பாசிக்காடு, தேயிலைத் தோட்டம் இரண்டையும் காலைக்கு மாற்றுங்கள். கூரை உள்ள இடங்களை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இதற்குக் காசு செலவில்லை. மலேசிய வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியில் காலை, பிற்பகல், இரவு என்று பிரித்தே முன்னறிவிப்பு கிடைக்கிறது. முதல் நாள் இரவு உங்களில் ஒருவர் அதைப் பார்த்து, மறுநாள் வரிசையை மாற்றும் அதிகாரத்தோடு வந்தால் போதும்.

அடுத்தது மாதம். பள்ளி விடுமுறை என்பதால் நவம்பர் கடைசியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அந்த மலையில் மழை அதிகம் பெய்வது அக்டோபர், நவம்பரில். ஏப்ரல், மே இன்னொரு மழைக்காலம். பிள்ளைகளோடு போக ஜூன் விடுமுறை இதைவிட நல்லது. மூத்தோர் பயணத்துக்குப் பள்ளி விடுமுறை எதற்கு? மழை குறைவான பிப்ரவரியில் தனியாகவே கூட்டிப்போகலாம். சீனப் புத்தாண்டு வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கியா ஃபார்ம் சந்தைப் பக்கம் வண்டி நகராது.

மழை குறைவு என்பதற்காக ஆபத்தே இல்லை என்றும் ஆகிவிடாது. 2024 ஜனவரியில் அதே மலையில் கம்போங் ராஜா பக்கம் மண் சரிந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். மலைக்கு ஏறத் தாப்பா வழியும் இருக்கிறது, சிம்பாங் பூலாய் வழியும் இருக்கிறது. ஒன்றை மூடிவிட்டால் மற்றதில் வருவார்களா, ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் செலவு யாருடையது என்று பேருந்து நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். தினமும் மருந்து சாப்பிடுபவர்களிடம் இரண்டு நாளைக்குக் கூடுதலாக எடுத்து வரச் சொல்லவேண்டும்.

சுற்றறிக்கையில் அந்த ஒரு வரிக்குப் பதிலாக இதைப் போடலாம்: தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது மேல், வெயில் வந்தால் கழற்றிக்கொள்ளலாம். குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு. ஜீன்ஸ் வேண்டாம். பாசிக்காட்டின் மரப்பாதை வழுக்கும், செருப்பு ஆகாது. மாற்றுடுப்பு ஒரு செட்டும் காலுறையும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பேருந்துக்குள்ளேயே, மடியருகே. பெட்டியோடு கீழே வைத்துவிட்டால் நனைந்த நேரத்தில் கைக்குக் கிடைக்காது. வெயில் குளுமையாகத் தெரிந்தாலும் உயரத்தில் தோல் சீக்கிரம் கறுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டுப்புடவை வேண்டாம் என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை, விட்டுவிடுங்கள்.

முன்பணம் கட்டக் கடைசி நாள் வருவதற்குள் திருத்திய பயணத் திட்டத்தை ஒட்டினால், நானும் அம்மாவும் பெயர் கொடுக்கிறோம். அதை எழுத ஆள் தேவையென்றால் கூட்டத்துக்கு வரவும் தயார். வியாழக்கிழமை மாலை மட்டும் முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரவாசி ஒருத்தி