வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் படித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயாமார், அம்மாமார், அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

1981க்கு முன் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் படித்தவர்களுக்கும் படிப்பித்தவர்களுக்கும் அங்கே வேலை செய்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் இருந்த வளவில் இப்போது நாங்கள் இருக்கிறோம். 1981 ஆகஸ்ட் 1 அன்று மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி உங்கள் பள்ளிக்கூட வளவில்தான் தொடங்கியது, 1986 ஒக்டோபர் 1 முதல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. இதை எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள், அந்த ஒரு வரிக்குள் எத்தனை வருடம் இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நானும் ரொம்ப நாள் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது ஒரு படம். என் அம்மம்மா உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நான் வளாகத்துக்கு எடுபட்ட செய்தி கேட்டதும் அலுமாரிக்குள் இருந்து ஒரு வகுப்புப் படத்தை எடுத்துத் தந்தார், பின்பக்கம் பென்சிலால் 1963 என்று எழுதியிருந்தது. இரண்டு வரிசையில் பிள்ளைகள், முன்னால் கதிரையில் மூன்று ஆசிரியர்கள், பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஒரு விறாந்தை, அரைச்சுவர், ஒரு தூண். அந்தத் தூணின் அடியில் சாந்து பெயர்ந்து ஒரு கை அகலத்துக்குச் செங்கல் தெரிந்தது. அப்போது அதை நான் கவனிக்கவே இல்லை. மூன்று மாதம் கழித்து மழைக்கு ஒதுங்கி ஒரு பழைய கட்டிடத்தின் விறாந்தையில் நின்றபோது பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்தேன், அடியில் அதே இடத்தில், அதே வடிவத்தில் சாந்து இல்லை. போனில் வைத்திருந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். அதேதான். அறுபது வருடமாக யாரும் பூசவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை. அம்மம்மா நின்ற இடத்தில் நான் நனைந்துபோய் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சிலர் சேர்ந்தோம். கலைப்பீடம், விவசாய பீடம், விஞ்ஞான பீடம் என்று வேறு வேறு இடத்துப் பிள்ளைகள், யாருக்கும் இது பாடம் இல்லை, புள்ளியும் இல்லை. சனிக்கிழமைகளில் அளவு நாடா, கொப்பி, போன் எடுத்துக்கொண்டு பழசு என்று தெரிகிற ஒவ்வொரு கட்டிடத்தையும் அளந்து வரைகிறோம். ஒவ்வொரு கதவு நிலைக்கும் யன்னலுக்கும் இலக்கம் போட்டுப் படம் எடுக்கிறோம். ஓடு கழன்று விழுந்து கிடந்தால் திருப்பிப் பார்க்கிறோம், ஏனென்றால் ஓட்டின் அடியில் அதைச் செய்த தொழிற்சாலையின் முத்திரை இருக்கும். இந்தியாவின் மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு இந்த முத்திரை போட்ட ஓடுகள் கடல் கடந்து எத்தனையோ துறைமுகங்களுக்குப் போயின. முத்திரை ஒரு தடயம் மட்டும்தான், ஒரு கூரையில் இருந்து கழற்றிய ஓட்டை இன்னொரு கூரையில் போடுவது எங்கள் ஊர்களில் சாதாரணம்.

இப்படித்தான் ஒவ்வொரு தடயமும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. சுவர் எவ்வளவு தடிப்பு என்று நாடா சொல்லும். அந்தச் சுவருக்குள் எந்த வகுப்பு நடந்தது, யார் படிப்பித்தார், மணி எங்கே தொங்கியது என்பதை நாடா சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்லவேண்டும். அதனால்தான் இந்த மடல்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பரமேஸ்வராக் கல்லூரி 1921இல் தொடங்கியது, 1974இல் அந்த வளவில் பல்கலைக்கழக வளாகம் வந்தது, இன்றைக்கும் அந்தக் கட்டிடத்தைக் கேட்டால் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டியது என்று முதல் வருடப் பிள்ளையும் சொல்லும். எங்கள் மட்டக்களப்பு நகரத்திலேயே மெதடிஸ்த மத்திய கல்லூரியின் கதை 1814இல் வந்திறங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியாரில் இருந்து தொடங்குகிறது, மிஷன்காரர் கடிதம் எழுதினார்கள், கணக்கு எழுதினார்கள், அதெல்லாம் சேர்ந்து வரலாறாகிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பிரபுவும் இல்லை, ஒரு மிஷனும் இல்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தபோது, நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கிற படிப்பு கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும் என்று நாடெங்கும் 54 மத்திய பாடசாலைகளைத் திறக்கும் திட்டம் வந்தது, 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. வயல் வேலைக்கோ மீன்பிடிக்கோ போயிருக்கவேண்டிய பிள்ளைகள் விஞ்ஞானமும் ஆங்கிலமும் படித்தார்கள். அந்தப் பெரிய மாற்றம் எங்கள் பக்கத்தில் கால் ஊன்றிய இடங்களில் ஒன்று இந்த வளவு. அதற்குக் கல்வெட்டு வைக்கக் கட்டினவர் யாரும் இல்லை. சாட்சி என்று இருப்பவர்கள் அங்கே படித்த நீங்கள் மட்டும்தான்.

சட்டம் காப்பாற்றும் என்று சிலர் எங்களிடம் சொன்னார்கள், அதையும் போய்ப் பார்த்தோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் கோட்டை, விகாரை, கோயில் போன்ற மிகப் பழையவற்றுக்கானது. பிற்காலத்துக் கட்டிடம் ஒன்றைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிப்பதற்கும் நூறு வயது கேட்கிறது. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்தார்கள், அதற்கு அந்தச் சட்டம் பொருந்தும். இலவசக் கல்விக் காலத்துப் பள்ளிக்கூடம் அந்த வயதுக்கு வர இன்னும் பல மாரி இருக்கிறது. அதுவரைக்கும் ஒரு கட்டிடம் நிற்பதும் விழுவதும், அது ஏன் முக்கியம் என்று சொல்ல ஆள் இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய மண்டபம் இருந்தது, ஒரு விடுமுறை முடிந்து போனபோது அந்த இடத்தில் மண் குவியல்தான் இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, புது மாடிக் கட்டிடத்துக்குக் காசு வந்தது, இடம் தேவைப்பட்டது. அந்த மண்டபத்தைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதப்படாததால் அதற்காகப் பேச எவருக்கும் ஒன்றும் கையில் இருக்கவில்லை.

செங்கலடியில் இருந்து ஒரு வயதான மேசன் ஐயாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்ச் சுவர்களைக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசாமல் விரல் முட்டியால் தட்டித் தட்டிக்கொண்டே நடந்தார், ஒரு இடத்தில் நின்று நகத்தால் சுரண்டினார். "மகன், இது சீமெந்து இல்ல, சுண்ணாம்புச் சாந்து. இதுக்கு மேல சீமெந்தப் பூசினா வெளிய நல்ல வடிவா இருக்கும், உள்ளுக்க ஈரம் போக வழியில்லாம சுவர் ஊறிக் கிடக்கும்" என்றார். அது சரிதான், பிறகு வாசித்துப் பார்த்தோம். சுண்ணாம்பு பூசிய சுவர் நிலத்து ஈரத்தை இழுத்தாலும் வெயிலில் வெளியே விட்டுவிடும். இறுகிய சீமெந்து அதை உள்ளே பூட்டி வைக்கும், ஈரத்தோடு வரும் உப்பு உள்ளேயே படிந்து செங்கல்லை மாவாக்கும், இரண்டு மூன்று மாரிக்குள் பூச்சு தகடு தகடாகப் பெயரும். கடல் பக்கத்து ஊர்களில் இந்த உப்பு இன்னும் மோசம். அந்தக் காலத்தில் கரையில் முருகைக்கல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்ததையும் அவர் சொன்னார். இப்போது முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை, அது தடையாகத்தான் இருக்கவேண்டும், கடலுக்கு அது தேவை. கடையில் கிடைக்கும் சுண்ணாம்பை நீற்றி நன்றாக ஊறவைத்துப் பாவித்தாலே போதும் என்கிறார் அவர், அதைப் பூசத் தெரிந்த கைதான் குறைந்துகொண்டே வருகிறது. எங்களில் இரண்டு பேர் இப்போது அவரிடம் சாந்து குழைக்கப் பழகுகிறார்கள். நிர்வாகத்துக்கு நாங்கள் தனியாக எழுதும் கோரிக்கையிலும், பழைய சுவர் எதைப் பழுதுபார்த்தாலும் முதலில் அது என்ன சாந்து என்று பார்க்கவேண்டும் என்று கேட்கிறோம்.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று சொல்கிறேன். முதலாவது படங்கள். முகத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் படத்தை வைத்திருப்பீர்கள், எங்களுக்கு முகத்துக்குப் பின்னால் இருப்பதும் வேண்டும். யன்னலில் கம்பி இருந்ததா மரச்சட்டம் இருந்ததா, கூரை ஓடா தகரமா, முற்றத்தில் என்ன மரம் நின்றது, இதெல்லாம் ஒரு விளையாட்டுப் போட்டிப் படத்தின் மூலையில் இருக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு பெட்டியும் போன வீடுகள் எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ, பிறகு சண்டையில் ஓடியபோது விட்டுவிட்டு ஓடியவை, 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவை. இத்தனையும் தாண்டி உங்கள் கையில் ஒரு படம் மிஞ்சியிருந்தால் அதைத் தபாலில் அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வராது. நாங்கள் வீட்டுக்கே வந்து உங்கள் முன்னாலேயே பிரதி எடுத்து, கையோடு திருப்பித் தருகிறோம்.

சூறாவளியைப் பற்றி இன்னும் ஒன்று கேட்கவேண்டும். அந்த வருடம் அங்கே படித்தவர்கள் இருந்தால், அடுத்த நாள் பள்ளிக்கூடம் எப்படிக் கிடந்தது? எந்தக் கட்டிடத்தின் கூரை போனது, எது நின்றது? திரும்பப் போட்டது ஓடா அஸ்பெஸ்டஸ் சீற்றா? ஒரு கட்டிடத்தில் சுவரும் கதவும் பழசாகவும் கூரை மட்டும் புதுசாகவும் இருந்தால் நாங்கள் உடனே சூறாவளி என்று எழுதிவிடுகிறோம், அது ஊகம். நீங்கள் ஒருவர் "ஓம், நான் பார்த்தேன்" என்று சொன்னால் அது வரலாறு.

மத்திய கல்லூரி என்றால் தூர ஊர்ப் பிள்ளைகளுக்கு விடுதியும் இருக்கும் என்று அம்மம்மா சொல்வார். விடுதி எந்தப் பக்கம் இருந்தது, கிணறு எங்கே, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எந்த வகுப்பு அதிகம் வேகும், எந்த விறாந்தையில் நின்றால் குளிர்ச்சியாக இருக்கும்? சின்ன விஷயம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஒரு கட்டிடம் ஏன் அந்தத் திசை பார்த்துக் கட்டப்பட்டது என்பதை இப்படியான பதில்களில் இருந்துதான் நாங்கள் விளங்கிக்கொள்கிறோம்.

இன்னொரு கூட்டம் பேரும் இந்தக் கட்டிடங்களுக்கு உரியவர்கள். 1990இல் சுற்றுவட்டார ஊர்களில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஓடிவந்து இந்த வளாகத்தில் அகதியாகத் தங்கினார்கள், செப்டெம்பர் 5 அன்று அங்கிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, அவர்கள் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் தாய்மார் வருகிறார்கள். நாங்கள் யாரிடமும் போய் அந்தக் கதையைக் கேட்கமாட்டோம், அதை ஒரு கட்டிடக் குறிப்புக்காகக் கிளறுவது சரியில்லை. ஆனால் இந்த அறையில்தான் நாங்கள் படுத்திருந்தோம், இந்தத் தூணடியில்தான் சமைத்தோம் என்று யாராவது சொல்ல விரும்பினால் அதை எழுதி வைக்க நாங்கள் இருக்கிறோம். அந்தச் சுவரைக் கழுவிப் புதுசாக்கும்போது அந்த நினைவும் சேர்ந்து போய்விடக்கூடாது என்பது எங்கள் எல்லோருடைய விருப்பம்.

நீங்கள் நேரே வந்து பார்க்க விரும்பினால் அதைவிடச் சந்தோஷம் எங்களுக்கு இல்லை. நடக்க முடியாதவர்களை வாசலில் இருந்தே மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகிறோம். உங்கள் ஊரில் வளாகத்தில் படிக்கிற பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும், கிரான், சித்தாண்டி, ஏறாவூர், வாழைச்சேனை எந்த ஊராக இருந்தாலும், அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால் எங்கள் காதுக்கு வந்துவிடும். எழுத வராது என்று தயங்காதீர்கள், போனில் பேசி அனுப்பினால் நாங்கள் கேட்டு எழுதிக்கொள்கிறோம், எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டித்தான் சேர்ப்போம். பிழை இருந்தால் திருத்துங்கள், ஒரே கட்டிடத்தைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுவோம்.

அம்மம்மாவை இரண்டு கிழமைக்கு முன் கூட்டிக்கொண்டு போனேன். தூணைத் தொட்டுப் பார்த்தார், கொஞ்ச நேரம் அரைச்சுவரில் உட்கார்ந்திருந்தார், பிறகு படத்தை வாங்கி ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்வரிசையில் இடப்பக்கமிருந்து மூன்றாவதாக, ரெட்டைப் பின்னல் போட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கிறது. அந்தப் பெயர் மட்டும் அம்மம்மாவுக்கு வரவில்லை, வாழைச்சேனைப் பக்கத்துப் பிள்ளை, கணக்கில் கெட்டி என்பது மட்டும் நினைவிருக்கிறது. 1963இல் அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வளவில் இப்போது படிக்கிற பிள்ளைகளில் ஒருவன்