777 வேண்டாம்: சித்தூர் வட்டத் தமிழ்த் தளப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் பள்ளிக்கும் வாசகசாலைக்கும் கோயிலுக்கும் தமிழில் இணையதளம் நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், அவற்றின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

இணையதளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் படம் ஏறவில்லை, பிளகின் (கூடுதல் வசதிக்கான நிரல்) அப்டேட் ஆகவில்லை என்றதும் "ஃபோல்டருக்கு 777 போட்டு விடு" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். மூன்று எண்களும் முறையே கோப்பின் ஓனர், குரூப், மற்றவர்கள் ஆகியோருக்கான அனுமதி (பெர்மிஷன்); 7 என்றால் முழு அனுமதி. அதனால் 777 என்றால் அந்தச் சர்வரில் இருக்கும் எந்தப் பயனரும் அந்த ஃபோல்டரில் எழுதலாம், அழிக்கலாம். பல தளங்கள் ஒரே சர்வரில் இருக்கும் ஷேர்டு ஹோஸ்டிங்கில், பக்கத்துத் தளம் ஹேக் ஆனால் உங்கள் தளத்துக்குள்ளும் ஒரு பிஹெச்பி கோப்பை (சர்வரில் இயங்கும் நிரலை) வைத்துவிட வழி கிடைக்கும். தேர்வு அறிவிப்பு பார்க்க வரும் பிள்ளைகள் சூதாட்ட விளம்பரத்தில் போய் விழுவது இப்படித்தான்.

பெரும்பாலும் கோளாறு எண்ணில் இல்லை, கோப்பின் ஓனர் யார் என்பதில் இருக்கிறது. பேக்கப்பை ரூட் கணக்கில் (சர்வரின் முழு அதிகாரக் கணக்கு) திறந்து வைத்திருப்பார்கள், அல்லது புதிய சர்வருக்கு மாற்றும்போது எஃப்டிபி (கோப்புகளை ஏற்றும்) கணக்கின் பெயரில் கோப்புகள் வந்து இறங்கியிருக்கும். வேர்ட்பிரஸ்ஸை இயக்கும் பிஹெச்பி வேறொரு பயனரின் பெயரில் ஓடுகிறது. அந்தப் பயனர் ஓனரும் இல்லை, குரூப்பிலும் இல்லை என்றால் அவருக்குக் கிடைப்பது மூன்றாவது எண் மட்டும். 755-இல் அது 5: படிக்கலாம், உள்ளே நுழையலாம், எழுத முடியாது.

ஜூன் 30 வரை ஒழுங்காக ஏறிய படம் ஜூலை 1 அன்று ஏறாமல் போவதைப் பாருங்கள். 'அப்லோட்ஸ்' ஃபோல்டருக்குள் வேர்ட்பிரஸ் ஆண்டுக்கு ஒன்று, அதற்குள் மாதத்துக்கு ஒன்று என ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். ஜூலையின் முதல் படத்துக்கு 07 என்ற ஃபோல்டர் வேண்டும். முன்பு யாரோ 06-க்கு மட்டும் பெர்மிஷன் கொடுத்து, மேலே இருக்கும் ஆண்டு ஃபோல்டரை விட்டுவிட்டால், டைரக்டரியை உருவாக்க முடியவில்லை என்ற செய்திதான் வரும். ஒன்றை உருவாக்குவதற்கும் அழிப்பதற்கும் அதைத் தாங்கும் ஃபோல்டரின் அனுமதியே கணக்கு. ரூட்டாக நுழைந்து 07-ஐக் கையால் போட்டால் அதன் ஓனரும் ரூட்டாகிவிடும். அதிலும் படம் ஏறாது.

முதலில் பிஹெச்பி யார் பெயரில் ஓடுகிறது என்று பாருங்கள். டெபியன், உபுண்டு லினக்ஸில் வழக்கமாக 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. அல்மா, ராக்கி லினக்ஸ் வகைகளில் 'அப்பாச்சி'. சிபேனல் (உலாவி வழியே சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்) ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் உங்கள் கணக்கின் பெயரே. பிறகு 'சூடோ' கட்டளையில் அந்தப் பயனராகவே நின்று, அப்லோட்ஸுக்குள் ஒரு காலிக் கோப்பை 'டச்' பண்ணுங்கள். உருவானால் அந்த ஃபோல்டரில் பெர்மிஷன் சரி, வேறு இடத்தில் தேடுங்கள். உருவாகாவிட்டால் 'நேம்ஐ -எல்' கட்டளை, எல்லாவற்றுக்கும் மேலான ஃபோல்டரிலிருந்து கடைசி ஃபோல்டர் வரை ஒவ்வொரு படியின் ஓனரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். வழியில் ஒரு படி அடைத்திருந்தாலும் போதும், உள்ளே நுழைய முடியாது. உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் ஹோம் டைரக்டரி 750 ஆகவே (ஓனரும் குரூப்பும் தவிர யாரும் நுழைய முடியாதபடி) உருவாகிறது. தளத்தை அதற்குள் வைத்தவர்களுக்கு 403 (அனுமதி இல்லை) என்ற பிழை வருவது இதனால்தான்.

சரிசெய்ய 'சௌன்' கட்டளையால் ஓனரை மாற்றுங்கள். அதன்பின் ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644 (ஓனர் படிக்கலாம், எழுதலாம்; மற்றவர்கள் படிக்க மட்டும்). இரண்டையும் 'ஃபைண்ட்' கட்டளையால் தனித்தனியாகப் பிரித்துச் செய்யுங்கள். மொத்தத்துக்கும் 644 போட்டால் ஃபோல்டருக்குள் நுழையும் உரிமை போய்த் தளமே திறக்காது. மொத்தத்துக்கும் 755 போட்டால் படங்கள்கூட இயக்கத்தக்க கோப்புகளாகிவிடும். டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்புக்கு 600 (ஓனர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்). வெப் சர்வர் குரூப் வழியாகப் படிக்கும் அமைப்பானால் 640.

அப்டேட் கொடுக்கும்போது எஃப்டிபி பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால், 777 போட்டாலும் அந்தக் கேள்வி பொதுவாகப் போகாது. வேர்ட்பிரஸ் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, அதன் ஓனரும் தன் சொந்தக் கோப்புகளின் ஓனரும் ஒருவர்தானா என்று ஒப்பிடுகிறது. எழுத முடிந்தாலும் ஓனர் வேறென்றால் கேட்கும்.

எல்லாக் கோப்புகளையும் வெப் சர்வரின் பெயருக்கே கொடுத்துவிடலாமா? கெட்ட பிளகின் ஒன்று நுழைந்தால் மொத்தத்தையும் மாற்றி எழுதிவிடும் என்ற ஆபத்து உண்டு. கட்டளை வரியில் தவறாமல் அப்டேட் செய்ய ஆள் இருக்கும் இடத்தில் அப்லோட்ஸை மட்டும் கொடுங்கள். ஆளில்லாத சிறு வாசகசாலைத் தளத்துக்கு முழுவதையும் கொடுத்து, தானியங்கி அப்டேட்டை ஓட விடுவதே மேல் என்பது எங்கள் கருத்து. பழைய பிளகின் அதைவிடப் பெரிய ஆபத்து. எப்படியானாலும் அப்லோட்ஸுக்குள் பிஹெச்பி இயங்காதபடி சர்வரில் தடுத்து வையுங்கள்.

பெர்மிஷன் போலத் தோன்றி வேறாக இருப்பவையும் உண்டு. டிஸ்க் நிறைந்திருக்கலாம், இடம் இருந்தும் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கலாம். 'டிஎஃப் -எச்', 'டிஎஃப் -ஐ' இரண்டையும் பாருங்கள். அல்மா, ராக்கியில் எண்கள் சரியாக இருந்தும் எழுத மறுத்தால் எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) தடுத்திருக்கலாம். அதை அணைக்காமல், அப்லோட்ஸுக்கு எழுதும் லேபிளைக் கொடுங்கள். நம்மவர்களுக்கென்றே ஒன்று: லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 'கு', 'டி' போன்ற எழுத்துகளில் இரண்டு குறியீடுகள். சுற்றறிக்கையின் முழுத் தலைப்பையும் பிடிஎஃப்-க்குப் பெயராக வைத்தால் எல்லையைத் தாண்டிவிடும். பெயரைச் சுருக்குங்கள்.

பொறுப்பாளர்களே, சர்வர் வேலைக்குப் பணம் கொடுக்கும்முன் மூன்று விவரங்களை எழுதி வாங்குங்கள்: பிஹெச்பி ஓடும் பயனரின் பெயர், தளக் கோப்புகளின் ஓனரும் குரூப்பும், 777 உள்ள ஃபோல்டர்களின் பட்டியல். மூன்றாவது காலியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத்தில் தளப் பராமரிப்பு செய்யும் நண்பர்கள்