ஏமாறாதே என்பதோடு நிற்காமல் எங்கே வேலை என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 21 ஆண்டுகளாக வீட்டுத் திண்ணையிலேயே தையல் மெஷின் போட்டுக் குடும்பத்தை நடத்திவரும் வாசகி நான். இணையவழிப் பணமோசடி பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் வாரம் தவறாமல் வருகின்றன. அவற்றின் கீழே, பொதுமக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும் என்ற காவல்துறையின் அறிவுரையும் வருகிறது. அந்தச் செய்திகள் தேவைதான். ஆனால் ‘ஏமாறாதே’ என்று எச்சரிக்கப்படும் பெண்ணுக்கு, ‘அப்படியானால் இந்த வேலையைச் செய், இன்ன இடத்தில் கேள், இவ்வளவு கிடைக்கும்’ என்று சொல்ல ஒருவரும் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

துணி கொடுக்க வரும் பெண்கள் கைப்பேசியை நீட்டி, “அக்கா, இது உண்மையான வேலையா, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பேராசையால் கேட்கிறார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒருத்திக்குப் படுக்கையில் கிடக்கும் மாமியார், இன்னொருத்திக்குக் கைக்குழந்தை, மற்றொருத்திக்குத் தன் ஊரிலிருந்து காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டபோது ஆற்றங்கரை ஊர் ஒன்றில் என்னிடம் தையல் கற்ற பெண்ணின் மெஷின் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது. மோட்டார் போய், மேசைப் பலகை உப்பி, தைக்கக் கொடுத்தவர்களின் ரவிக்கைகளும் சேற்றில் வீணாயின. வீட்டிலிருந்தபடியே தினமும் இரண்டு மணி நேரம் உழைத்தால் மாதம் 30,000 ரூபாய் என்ற செய்தி அவள் கைப்பேசிக்கு அந்த மாதத்தில்தான் வந்தது. கையில் வேலை இருந்திருந்தால் அவள் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாள்.

என் வீட்டிலும் இது நடந்தது. பி.காம். முடித்த என் மகள், பிள்ளை பெற்று எங்களோடு இருந்த காலத்தில், படிவங்களைத் தட்டச்சு செய்து தரும் வேலை என்று ஒரு நிறுவனத்திடம் பதிவுக் கட்டணமாக 1,999 ரூபாய் கட்டினாள். ஏழு நாளில் 480 படிவங்களை முடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எழுத்துகள் மங்கி, வேண்டுமென்றே கோணலாக நகலெடுத்தது போன்ற பக்கங்கள் வந்தன. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரவு இரண்டு மணிவரை தட்டி, ஏழாம் நாள் அனுப்பியும் வைத்தாள். எட்டாம் நாள், பிழைகள் மிகுதி, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 6,500 ரூபாய் இழப்பீடு செலுத்தாவிட்டால் வழக்கு என்று, தராசுப் படம் போட்ட ‘வக்கீல் நோட்டீஸ்’ வாட்ஸ்அப்பில் வந்தது. எங்களிடம் சொல்லக் கூசி, காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கட்டினாள். மறுபடியும் 9,000 கேட்டபோதுதான் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்கிக்கொண்ட பெண் காவலர், இப்படிப்பட்ட மிரட்டல் கடிதத்துக்குப் பயந்து இனி ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அவள் சாப்பிட்டாள். போன பணம் திரும்பவில்லை. ஏழு இரவுகள் அவள் செய்த உழைப்பு உண்மையான உழைப்பு என்பதுதான் இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

அன்று முதல், என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் சோதனை இதுதான்: பணம் முதலில் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வேலை கொடுப்பவர் வேலை செய்பவரிடம் பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை. செய்த பொருளை வாங்குபவர் யார் என்ற கேள்விக்குப் பதில் வராவிட்டாலும் அங்கே வேலை இல்லை. இப்போது பரவியுள்ள டெலிகிராம் மோசடி இந்தச் சோதனையில் தப்பிக்கவே முதல் நாள் அவர்களே 150 ரூபாய் போட்டுவிடுகிறது. காணொளிக்கு விருப்பக் குறி இட்டதற்கும் உணவகத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்ததற்கும் கூலி என்கிறார்கள். மூன்றாம் நாள் 1,000 கட்டினால் 1,300 என்பார்கள், அதையும் கொடுப்பார்கள். அடுத்து 5,000, பிறகு 20,000. திரையில் தெரியும் இலாபத்தை எடுக்கப் போனால் வரி கட்டினால்தான் எடுக்கலாம் என்பார்கள். இதைவிடக் கொடியது, வங்கிக் கணக்கை மட்டும் ‘பயன்படுத்தக்’ கொடுத்தால் கமிஷன் என்று கேட்பது. யாரோ இழந்த பணம் அந்தக் கணக்கு வழியே போகும், கணக்கு முடக்கப்படும், விசாரணைக்கு நிற்பவள் கணக்கைக் கொடுத்த பெண்தான். ஏமாந்தது தெரிந்த உடனே, ஊரார் என்ன சொல்வார்களோ என்று ஒரு நாளைக் கழிக்காமல், இணையவழிப் பணமோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உள்ள நேரம் அதுதான்.

சோப்பும் சத்துமாவும் விற்கச் சொல்லி, கீழே ஆள் சேர்த்தால் வருமானம் என்போரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆள் சேர்ப்பதையே வருவாயாகக் கொண்ட பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துவிட்டது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, விற்பனையாளராகச் சேருவதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கவும் கூடாது.

இனி உண்மையான வேலையின் கணக்கைச் சொல்கிறேன். கடந்த ஆவணி மாதத்தில் லைனிங் ரவிக்கை 38 (ஒன்றுக்கு 280 ரூபாய்), சாதா ரவிக்கை 11 (ஒன்றுக்கு 130), புடவைக்கு ஃபால்ஸ் வைத்தது 24 (ஒன்றுக்கு 70) என மொத்தம் 13,750 ரூபாய் வந்தது. லைனிங் துணி, நூல், கொக்கி, மின்சாரம், மெஷினுக்கு எண்ணெய், பெல்ட் எல்லாம் சேர்த்து 3,150 போக, கையில் நின்றது 10,600. அதற்கு நான் உட்கார்ந்தது சுமார் 155 மணி நேரம். மணிக்கு 68 ரூபாய். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மாதம் 30,000 என்றால் மணிக்கு 500 ரூபாய் ஆகிறது. 21 ஆண்டு கை பழகிய எனக்கு 68 என்றால், எந்தப் பயிற்சியும் வேண்டாம் என்று சொல்லி 500 தருகிறவர் யார், எதற்குத் தருகிறார் என்று என் வாடிக்கையாளர்களைக் கேட்கச் சொல்கிறேன். இந்தக் கணக்கைக் காட்டியே இரண்டு பெண்களைப் பணம் கட்டாமல் தடுத்திருக்கிறேன்.

68 ரூபாய் போதும் என்று நான் சொல்லவில்லை. பண்ருட்டிப் பக்கம் என் தங்கை ஊரில் வீட்டுக்கு வீடு முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கிறார்கள். சின்னக் கத்தியின் நுனியால் பருப்பு உடையாமல் சுரண்டி எடுக்க வேண்டும். முழுப்பருப்பு குறைந்து குருணை மிகுந்தால் கூலியும் குறையும். கொட்டை உடைக்கும் பெண்களுக்கோ ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டு விரலெல்லாம் வெந்து கறுத்திருக்கும். இதுவும் நேர்மையான வேலைதான். ஆனால் நேர்மையான கூலி அல்ல. வீட்டிலிருந்து உழைப்போரையும் மற்றத் தொழிலாளருக்கு இணையாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் கொண்டுவந்த 177-ஆம் எண் உடன்படிக்கைக்கு நம் நாடு ஒப்புதல் தரவில்லை. வீட்டுக்குள் செய்வதால் அது வேலையே அல்ல, கைச்செலவுக்கான பொழுதுபோக்கு என்ற எண்ணம் அரசிடமும் உண்டு, நம் கணவன்மாரிடமும் உண்டு. கூடிச் செய்தால் நிலைமை மாறும் என்பதற்கு, 1959-இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளமே சாட்சி. பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துப்போய் இட்டு உலர்த்தி எடைபோட்டுத் திருப்பித் தந்தால் கூலி. உழைக்கும் பெண்களே உரிமையாளர்களும்.

நம் ஊரிலும் வழி இல்லாமல் இல்லை, தெரியாமல் இருக்கிறது. இந்தியன் வங்கியின் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் கடலூரிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. தையல், ஆரி வேலை போன்ற தொழில்களில் சாப்பாட்டுடன் இலவசப் பயிற்சி தந்து வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுகிறார்கள். சிறுதொழில் கடனுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில், சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமல் கடன் கேட்கலாம். ஊறுகாயோ இட்லிப்பொடியோ செய்து விற்கும் சிறு வீட்டுத் தொழிலுக்கு ஆண்டுக்கு 100 ரூபாயில் உணவுப் பாதுகாப்புப் பதிவு கிடைக்கும். சிறுதொழில் செய்வோர் மத்திய அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. ஆனாலும் அதற்கு 1,500 ரூபாய் வாங்கிய தரகரை எனக்குத் தெரியும். தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது என்பதே, தொழிலுக்கு வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்புதான் எனக்குத் தெரிந்தது. அதில் பதிந்துகொண்டதால் என் மகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் அதைச் சொல்ல ஒருவராவது இருந்திருக்கலாம்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். வீட்டிலிருந்தே வருமானம் என்று வரும் வரிவிளம்பரங்கள் தங்கள் நாளிதழிலும் இடம்பெறுகின்றன. பொருளை வாங்குபவர் யார், ஒன்றுக்கு எவ்வளவு கூலி, முன்பணம் கேட்கிறார்களா என்ற மூன்றையும் எழுதித் தராத விளம்பரத்தைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். அடுத்து, கடலூர், புதுச்சேரிப் பதிப்பில் வாரம் ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி, வீட்டிலிருந்து உழைக்கும் ஒருவரின் வரவு செலவை, எத்தனை மணி நேரம், எவ்வளவு முதல், எவ்வளவு மிச்சம், பணம் எத்தனை நாள் கழித்து வருகிறது என்பதோடு அச்சிடுங்கள். அதன் அடியில் அந்தத் தொழிலுக்கான பயிற்சியோ கடனோ பதிவோ எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்று இரண்டு வரி போட்டால் போதும். சாதித்த பெண்மணிகளின் கதை வேண்டாம். மாதக் கணக்கு வேண்டும்.

முதல் வாரத்துக்குப் பயன்படும் என்று என் கணக்கு நோட்டிலிருந்து ஆவணி மாதப் பக்கங்களின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். வாடிக்கையாளர்களின் பெயர்களை மட்டும் அடித்திருக்கிறேன்; தொகைகள் அப்படியே இருக்கின்றன.

தங்கள் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.