சூடான் பஞ்சச் செய்திகளைப் பகிரும் முன்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். சூடான் பற்றி இங்கே வரும் எண்களில் குழப்பம் அதிகம். இனி ஒட்டுவதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள்.

ஐபிசி (IPC) என்பது ஒரு பகுதியின் பட்டினி எவ்வளவு கடுமை என்று வகைப்படுத்தும் சர்வதேச அளவுகோல். அதில் 5 கட்டங்கள். 3 நெருக்கடி, 4 அவசரநிலை, 5 பேரழிவு. "3-ஆம் கட்டமும் அதற்கு மேலும்" என்று தரப்படும் மக்கள் எண்ணிக்கையிலேயே 4, 5 அடக்கம். மறுபடி கூட்டாதீர்கள்.

சில குடும்பங்கள் 5-ஆம் கட்டத்தில் இருப்பதாலேயே அந்தப் பகுதியில் பஞ்சம் என்று எழுதக்கூடாது. அதற்கு, 20% குடும்பங்களுக்காவது உணவு மிகக் கடுமையாகப் பற்றாத நிலை வேண்டும்; 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30% பேருக்குத் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு; பட்டினியாலோ, அதோடு சேரும் நோயாலோ நாளொன்றுக்கு 10,000 பேரில் 2 சாவு. அந்த 30% எடை–உயர அளவீட்டுக்கு உரியது. கையில் நாடா சுற்றி அளந்தது மட்டுமே இருந்தால் வரம்பு 15%. பலர் சறுக்குவது இங்கேதான்.

2024 ஆகஸ்ட்டில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது சூடானின் வடக்கு டார்ஃபூர் மாநிலத்தில், இடம்பெயர்ந்தோர் தங்கிய ஜம்ஜம் முகாமுக்கு. நாடு முழுமைக்கும் அல்ல. அதே சமயம், சண்டையால் அளக்கவே ஆள் போக முடியாத இடங்கள் உண்டு. வரைபடத்தில் "போதிய சான்று இல்லை" என்றிருந்தால் அங்கே நிலைமை பரவாயில்லை என்று பொருளல்ல, நேர்மாறாகவும் இருக்கலாம்.

தேதியையும் பாருங்கள்: நடப்பு நிலையா, முன்கணிப்பா? ஜூன்–செப்டம்பர் பற்றாக்குறைக் காலத்தின் எண்ணை அறுவடைக்குப் பிந்தைய எண்ணோடு ஒப்பிட்டு "நிலைமை தேறிவிட்டது" என்று போடாதீர்கள்.