கேலக்ஸியோட ‘பார்’ செய்யற வேலைல பாதியைத்தான் சொல்லியிருக்கீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் அறிவியல் பக்கத்துல சுருள் கேலக்ஸிகள் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன், படங்கள் அருமை, ஆனா நடுவுல கம்பி மாதிரி இருக்கற ‘பார்’ (bar) நட்சத்திரப் பிறப்பை அதிகமாக்குதுன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க, அது பாதிதான், மிச்சத்தையும் வாசகர்களுக்குச் சொல்லணும்னுதான் எழுதறேன்.

பார்ங்கறது நீளவாக்குல சேர்ந்து சுத்தற ஒரு நட்சத்திரக் கூட்டம். அதோட ஈர்ப்புல மாட்டற கேஸ், பாரோட முன் ஓரத்துல மோதி, சுத்தற வேகத்தை இழந்து மையத்தைப் பாத்து இறங்க ஆரம்பிச்சிடும். படத்துல பார் நெடுக கறுப்பா தூசிக் கோடு தெரியுதே, அதான் அது இறங்கற பாதை. உள்ள போனது வளையமா தேங்கி அங்க நட்சத்திரம் சரமாரியா பிறக்குது, கட்டுரை சொன்னது இதைத்தான். ஆனா மடையைத் திறந்து தண்ணியைப் பூரா பள்ளத்துக்கு விட்டா மேட்டு வயல் காயத்தானே செய்யும்? அப்படித்தான் பார் நெடுக கேஸ் வத்தி, அங்க நட்சத்திரப் பிறப்பு நின்னுபோகலாம்.

சிம்ம ராசிப் பக்கம், சுமார் 3.3 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கற மெஸியர் 95ங்கற பார் உள்ள கேலக்ஸியைப் பாருங்க. மையத்துல 2,000 ஒளியாண்டு அகலத்துக்கு ஜொலிக்கற வளையம். அதைத் தாண்டினா, பார் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்கு, அதாவது ஏறக்குறைய 14,000 ஒளியாண்டு, புற ஊதாப் படத்துல வெறும் இருட்டு. புதுசா பிறந்த சூடான நட்சத்திரங்கதான் புற ஊதால பளிச்னு தெரியும், அதனால அங்க பிறப்பே நின்னுபோச்சுன்னு அர்த்தம். 2019ல வந்த ஆய்வு, பார் நெடுக இருக்கற நட்சத்திரங்களுக்குக் குறைஞ்சது 35 கோடி வருஷ வயசுன்னு சொல்லுது, நட்சத்திரம் பிறக்கத் தேவையான ஹைட்ரஜன் கேஸும் அங்க அணுவாவும் இல்ல மூலக்கூறாவும் இல்ல, எல்லாம் மையத்துக்குப் போயிடுச்சு.

என்ஜிசி 1300ங்கற இன்னொரு பார் கேலக்ஸியோட கதை இன்னும் சிக்கல், அங்க பார்ல கேஸ் இருக்கு, ஆனாலும் பெரிய அளவுல நட்சத்திரம் பிறக்கல. கேஸ் மேகங்களைப் பார் இழுத்துப் பிய்க்கறதாலயா, ரொம்ப வேகமா மோதிக்கறதாலயான்னு இன்னும் வாதம் ஓடுது. எனக்கு இதுதான் இந்த விஷயத்துலயே சுவாரசியமான இடம், அதைத் தொடாம விட்டது வருத்தமா இருக்கு.

நம்ம பால்வெளியும் பார் உள்ள கேலக்ஸிதான். நம்ம மையத்துலயும் அடர்த்தியான கேஸ் குவிஞ்சிருக்கு, இருந்தும் அந்த அளவு கேஸுக்கு எதிர்பார்க்கறதுல பத்துல ஒரு பங்கு நட்சத்திரம்தான் பிறக்குது. அடுத்த தடவை இதை எழுதும்போது மெஸியர் 95ஓட சாதாரண படத்தையும் புற ஊதாப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக்கூட பாத்ததும் விளங்கிடும்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகர்